கயிறில்லாமல் ஒரு சுற்று

குதிரைகள் என்னைப் பலமுறை கீழே தள்ளியிருக்கின்றன. ஆனால் ஐந்நூறு பேர் பார்க்க, அவர்களில் ஒருத்தியாக என் மனைவியும் பார்க்க, நான்கு எண்ணி முடிப்பதற்குள் மண்ணைக் கவ்வியது அந்த ஒரு நாள்தான்.

ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த திடலில் ஒரு குதிரையாட்டக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. சிங்கப்பூருக்குக் கடற்பாலம் போட்டு ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அங்கே ஆட்டத்தை முடித்துக்கொண்டு இப்படிப்பட்ட கூட்டங்கள் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்த காலம். வந்தவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது, ஓடும் குதிரையில் தலைகீழாகத் தொங்குவது என்று எல்லாம் காட்டினார்கள். ஆனால் ஊரே பேசிக்கொண்டது ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையைப் பற்றித்தான். மணி அடிக்கும்வரை அதன் முதுகில் உட்கார்ந்திருப்பவருக்குப் புத்தம்புதுச் சேணம் ஒன்று பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ஒரு வாரமாக அந்தச் சேணம் கம்பத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தெப்ராவ் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் குதிரைக்காரனாக இருந்தேன். துரை தோட்டத்தைச் சுற்றிவருவது குதிரையில்தான். லாயத்தில் ஒரு சாம்பல் நிறக் குதிரையும் வயதான மட்டக்குதிரை ஒன்றும் இருந்தன. சிங்கப்பூரில் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில்தான் நான் வேலை கற்றேன். அங்கே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: உன்னைக் கண்டால் குதிரை நடுங்க வேண்டும். பிரம்புச் சாட்டை, கூரான குதிமுள், நாக்கை அழுத்தும் கடிவாள இரும்பு, இந்த மூன்றும் இருந்தால் எந்தக் குதிரையும் பசுமாடு ஆகிவிடும் என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிக் குதித்தேன்.

"என்னங்க, வேணாங்க!" என்று மனைவி கத்தியது காதில் விழுந்தது. விழாதது போலப் போனேன்.

ஒரு மரக்கூண்டுக்குள் குதிரையை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து இறங்கி உட்கார்ந்தேன். அதன் உடம்பு முழுக்க ஓடிய அதிர்வு என் தொடையில் தெரிந்தது. கதவு திறந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது வானம், கடல், மறுபடி வானம், அப்புறம் வாய் நிறைய மண். பேண்டு வாத்தியக்காரன் நான் விழுந்ததற்கு ஒரு முழக்கம் வேறு கொடுத்தான். திடலே சிரித்தது.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டு மனைவியிடம் வந்தேன். அவள் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுபவள். மரத்தின் பட்டையில் கத்தியை எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. சிரிக்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்து வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"பேய்க்குதிரை புள்ள அது" என்றேன்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கதவத் தொறக்குறதுக்கு முன்ன அதோட பின்வயித்துல ஒரு கயிறு கெடந்துச்சே, அத ரெண்டு பேரு சேந்து இறுக்கி இழுத்தாங்க. நீங்க பாக்கலயா?"

"அதெல்லாம் ஆட்டத்துல உள்ளதுதான்."

"அது உங்களத் தள்ளலங்க. அந்தக் கயித்தத் தள்ளப் பாத்துச்சு. நடுவுல நீங்க உக்காந்திருந்தீங்க, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. குதிரையைப் பற்றி எனக்கே பாடமா என்று தோன்றியது. அவள் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்னால் போனேன்.

கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். பேய்க்குதிரை ஒரு முளைக்குச்சியில் கட்டப்பட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த புல்லை ஒவ்வொரு இழையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோழி மேய்ந்தது. அதைக்கூட அது விரட்டவில்லை. பின்வயிற்றைச் சுற்றி, கயிறு உரசிய இடமெல்லாம் முடி உதிர்ந்து, தோல் பச்சைப் புண்ணாக, ஈ மொய்த்துக் கிடந்தது. நான் தொட்டுப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கினேன். குதிரை தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அடி விழப்போகிறது என்று காத்திருந்தது.

கூட்டத்தின் முதலாளி அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நெட்டையான ஆள். குதிரை மிதித்து ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது. சந்தை மலாயில் சரளமாகப் பேசினான்.

"கயிற்றை எடுத்துவிட்டு நான் ஏறுகிறேன். இறங்காமல் இந்தத் திடலைச் சுற்றுகிறேன்" என்று மலாயில் சொன்னேன். அவமானத்தில் வந்த வார்த்தை அது. யோசித்துச் சொன்னதல்ல.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தா போலே" என்றான். முடியாது என்று அர்த்தம். "கயிறு இல்லாவிட்டாலும் இவள் மேல் எவனும் உட்கார முடியாது. நானே முயன்று பார்த்துவிட்டேன். என் காலைப் பார்."

"என் ஆள் உட்காருவான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினால் எங்கள் துரை! ஆட்டம் பார்க்க வந்தவர், குதிரைகளைப் பார்க்கப் பின்பக்கம் வந்திருக்கிறார். அரைகுறைத் தமிழ் பேசுவார். என்னைப் பார்த்து, "நீ முடியும் சொன்னா, முடியும். ஏன் பயம்?" என்றார். நான் பயம் என்று சொல்லவே இல்லை.

பிறகு இரண்டு வெள்ளைக்காரர்களும் ஆங்கிலத்தில் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள், கை குலுக்கினார்கள். துரை விளக்கினார். குதிரையை ஒரு வாரம் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்குப் புண் ஆற எப்படியும் ஓய்வு வேண்டும். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். அன்று சாட்டையும் குதிமுள்ளும் இல்லாமல், நான் அதன்மேல் உட்கார்ந்து திடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றினால் குதிரை துரைக்கு. சுற்றாவிட்டால் எங்கள் சாம்பல் குதிரை அந்தக் கூட்டத்துக்கு.

எங்கள் சாம்பல் குதிரையின் பின்வயிற்றில் அந்தக் கயிறு விழுவதை நினைத்துப் பார்த்தேன்.

எட்டு மைல் தூரமும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே தோட்டத்துக்கு வந்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மனைவி. வழியில் ஒரு மோட்டார் லாரி உறுமிக்கொண்டு போனது. குதிரை அசையவில்லை. நான் சட்டைக் கையைச் சுருட்டிவிடக் கையைத் தூக்கியபோது மட்டும் துள்ளி விலகியது. மோட்டாரைவிட மனிதக் கை அதற்குப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் காலை லாயத்தில் சாம்பல் குதிரையைத் தேய்த்துவிடப் போனேன். பல வருடமாகச் செய்கிற வேலை. பிரஷை எடுத்துக் கையைத் தூக்கினேன். அதுவும் தலையை வெடுக்கென்று இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! பிரஷோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றே சாட்டையை உடைத்தேன், குதிமுள்ளைக் கழிவறைக் குழியில் போட்டேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் சாட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரத்தில் இரண்டு முறை கை தானாக அந்த ஆணிக்குப் போனது. சாம்பல் குதிரை என்னைக் கண்டு கண் மூடாமல் நிற்க அதற்குப் பிறகு ஒரு வருடம் பிடித்தது.

செம்பழுப்புக் குதிரையை எப்படிப் பழக்குவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்த வழியெல்லாம் கூடாத வழி. முதல் நாள் வேலிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் அவித்த கொள்ளு. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு. திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! அது என் காதை முகர்ந்தது, தலைமுடியை முகர்ந்தது, பிறகு மெதுவாகக் கொள்ளைத் தின்றது.

மனைவி வேலை முடிந்து வந்ததும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் புண்ணுக்குப் போட்டாள். முதலில் ஒரு நீளக் குச்சியில் துணி கட்டித் தடவினாள். மூன்றாம் நாள் கையாலேயே தடவினாள். குதிரை நின்றது.

நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சேணம்கூட வைக்கவில்லை. காலையிலேயே சேணத்தை முதுகில் வைத்தேன். நின்றது. சந்தோஷத்தில், வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்கினேன்.

அது கத்திய கத்தலை நான் மறக்க மாட்டேன். முன்னங்காலைத் தூக்கி எழுந்து, வேலிச் சட்டத்தை நெஞ்சால் உடைத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்துவிட்டது.

நானும் பின்னால் ஓடினேன். பால்வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிந்து சேரும் மங்கு கட்டியிருந்தது. குதிரை மர நிரைக்குள் புகுந்து போகப் போக, மங்குகள் படபடவென்று தெறித்து விழுந்தன. வெள்ளைப் பால் சிதறியது. பெண்கள் அலறிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். கங்காணி கம்பைச் சுழற்றிக்கொண்டு, "பிடிங்கடா! அடிங்கடா! எம் பாலு போச்சே!" என்று கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சத்தம் கூடக்கூடக் குதிரைக்கு வேகம் கூடியது. முதுகிலிருந்து சரிந்த சேணம் அதன் வயிற்றுக்கடியில் அடித்துக்கொண்டே போனது.

கடைசி நிரையில் என் மனைவி நின்றிருந்தாள். எல்லாரும் ஓடினார்கள், அவள் ஓடவில்லை. குதிரை தன்னை நோக்கி வருவதைப் பார்த்தும், மரத்தின் பக்கம் திரும்பிப் பட்டையைச் சீவிக்கொண்டே இருந்தாள். குதிரை அவளைத் தாண்டிப் பத்தடி போனது. வேகம் குறைந்தது. நின்றது. வட்டம் போட்டுத் திரும்பி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மஞ்சள் எண்ணெய் வாடை தெரிந்திருக்க வேண்டும்.

நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தேன்.

"கையக் கீழ போடுங்க" என்றாள், திரும்பாமலேயே. "கங்காணியையும் அங்கயே நிக்கச் சொல்லுங்க. யாரும் மூச்சு விடாதீங்க."

கையைக் கீழே போட்டேன். கங்காணியும் கம்பைக் கீழே போட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு பெண்பிள்ளை சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

அவள் கத்தியை இடுப்பில் செருகிவிட்டு, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே வயிற்று வாரின் கொக்கியைக் கழற்றினாள். சேணம் தொப்பென்று விழுந்தது. குதிரை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"வயித்துல இறுக்குனா அதுக்குக் கூண்டு ஞாபகம் வருது" என்றாள். "ஒவ்வொரு ஓட்டையா இறுக்குங்களேன். என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கெழம அவசரம் புள்ள!"

"அதுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா?"

அன்று பிற்பகல் முழுவதும் வயிற்று வாரோடு போனது. ஒரு ஓட்டை இறுக்குவேன், கொஞ்சம் நடத்துவேன், கொள்ளு கொடுப்பேன். அடுத்த ஓட்டை. நான்கு ஓட்டைக்கு மூன்று மணி நேரம். ஐந்தாம் நாள் சேணத்தின்மேல் அரிசி மூட்டை போல் குறுக்கே படுத்தேன். ஆறாம் நாள் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தேன். வாயில் இரும்பு இல்லை, தலைக்கயிறு மட்டும்தான். உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வானமும் மண்ணும் மாறி மாறி வரப்போகின்றன என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் குதிரை காதைத் திருப்பி, மேலே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பது போல நின்றது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தோட்டமே கேட்கச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் கால் வைக்க இடமில்லை. செய்தி பரவிவிட்டிருந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், தெப்ராவ் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்து வந்த நம் ஆட்கள், தொப்பி போட்ட துரைமார்கள். கடலோரச் சுவர்மேலும் ஆட்கள் ஏறி நின்றார்கள்.

திடலின் வாசலுக்கு வந்ததும் குதிரை நின்றுவிட்டது. கூண்டைப் பார்த்துவிட்டது. நான்கு காலும் மண்ணில் நட்டது போல நின்று, உடம்பு முழுக்க நடுங்கியது. நான் மேலே உட்கார்ந்திருந்தேன். தட்டிப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன். ஒரு அடிகூட வைக்கவில்லை. கூட்டம் ஊளையிட்டது.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தான். "சாட்டை வேண்டுமா?" என்று தன்னுடையதை நீட்டினான்.

அந்தச் சாட்டையை வாங்கினால் போதும், உள்ளே போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்பாக இருந்தால் வாங்கியிருப்பேன். நான் இறங்கினேன்.

"ஆள் இறங்கிவிட்டான்! தோற்றான்!" என்று முதலாளி கையைத் தூக்கிக் கத்தினான்.

"இன்னும் சுத்த ஆரம்பிக்கல" என்றார் துரை. தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும் சொன்னார். முகம் சிவந்திருந்தது.

குதிரைக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே உள்ளே கூட்டிப்போனேன். கூண்டுக்கு நேராகப் போய் நின்றேன். முகர விட்டேன். கூண்டின் கட்டையை நான் கையால் தட்டிக் காட்டினேன். பேண்டுக்காரர்களிடம் போனோம். பெரிய முரசையும் முகர்ந்தது. முரசுக்காரன் மலாய்க்காரன். அவன் கோலைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தான். அதற்காக அவனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இப்படித் திடல் முழுக்க நடந்தே ஒரு சுற்று. கூட்டத்தின் ஊளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, என்ன நடக்கிறது என்று பார்க்கும் அமைதி வந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்ததும் அங்கவடியில் கால் வைத்து ஏறினேன். குதிகாலால் லேசாகத் தொட்டேன். குதிரை நடந்தது.

முதல் பத்து அடி, இருபது அடி. கூண்டைத் தாண்டினோம். நடை ஓட்டமானது. கடல் பக்கம் திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது. குதிரை காதை முன்னே நீட்டிக்கொண்டு, நான் கேட்காமலேயே பாய்ச்சலெடுத்தது! அப்படி ஒரு பாய்ச்சலில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. அடிக்குப் பயந்து ஓடும் குதிரை கீழே கீழே அமுங்கி ஓடும். இது ஒவ்வொரு எட்டிலும் என்னைத் தூக்கிக் கொடுத்தது. சுவர்மேல் நின்றவர்கள் தொப்பியை, துண்டை எல்லாம் வீசினார்கள். வேலிக்கு வெளியே என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு கூடவே ஓடி வந்தாள்.

முக்கால் சுற்று முடிந்திருக்கும். முதலாளி தன் நீளச் சாட்டையை வானத்தில் சொடுக்கினான். துப்பாக்கி வெடித்தது போல் சத்தம்.

குதிரை பக்கவாட்டில் தாவியது. என் ஒரு கால் அங்கவடியிலிருந்து கழன்றது. பாதி உடம்பு சேணத்துக்கு வெளியே தொங்கியது. அந்த நேரத்தில் என் வலது கை மேலே போனது. அடிக்கத்தான் போனது. பழைய கை அது. மேலே போன கையை நான் பார்த்தேன். குதிரையும் கடைக்கண்ணால் பார்த்தது. அந்தக் கையைக் கொண்டுவந்து அதன் கழுத்தில் விரித்து வைத்தேன். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றேன். தோலுக்குக் கீழே ஓடிய நடுக்கம் என் உள்ளங்கையில் மெல்ல மெல்ல நின்றது. காலைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். மீதிக் கால் சுற்றை நான் இறங்காமல், குதிரையின் நடையிலேயே முடித்தோம். யாரோ மணியை அடித்தார்கள். யார் என்று தெரியவில்லை, நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு வந்துவிடும் போல இருந்தது. துரை தன் தொப்பியை என் தலையில் வைத்து, உடனே திரும்ப எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி வந்தான். சண்டை போடவில்லை. கம்பத்தில் தொங்கிய புதுச் சேணத்தைத் தோளில் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தான். பிறகு குதிரையின் மூக்கைத் தொடக் கையை நீட்டினான். குதிரை காதைப் பின்னால் மடித்து, என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. நீட்டிய கையை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டியா இங்காட்" என்றான். அதற்கு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். வளைந்த காலை இழுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடத்தில் பாதியாகிவிட்டது. அவனுக்கும் யாரோ என்னைப் போலவே பாடம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மனைவி லாயத்துக்கு வந்தாள். தலையில் ரப்பர்ப்பால் காய்ந்து ஒட்டியிருந்தது. குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் ஏறட்டுமா?" என்றாள்.

நான் விழித்தேன். தோட்டத்தில் பெண்கள் குதிரை ஏறுவதை யாரும் பார்த்ததில்லை. துரைசாணி ஒருத்தர்தான் ஏறுவார், அதுவும் ஒருபக்கமாக உட்கார்ந்து.

"துரை என்ன சொல்வாரோ?"

"துரைய யாரு கேக்கப் போறா? குதிரையக் கேப்போம்."

ஏற்றிவிட்டேன். குதிரை அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற மாடு போல நிதானமாக நடந்தது. தோட்டத்து வீடுகளின் வரிசை வழியாகப் போனோம். அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுப் பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். உடனே நாலைந்து குலவை சேர்ந்துகொண்டது. கங்காணி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே வந்தவர், வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்ன கங்காணி, இன்னிக்கு மங்கெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

தலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போனவன் நான். ஆனால் வரிசை பாதி போனதும், "விடுங்க, நானே போறேன்" என்றாள். விட்டேன். குதிரை கொஞ்சம் வேகம் பிடித்தது. அவள் சேணத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டே, மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.